பார்வை நரம்புக்கு மின்தூண்டல்: எது திரும்பும், எது திரும்பாது

"கண்ணைச் சுற்றி லேசாக மின்சாரம் பாய்ச்சினால் போன பார்வை திரும்புகிறது, ஆபரேஷனே வேண்டாம்" என்ற செய்தி அவ்வப்போது வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ இதைப் படிக்கும் சிலர் வீட்டில், "நரம்பு போய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று கோவையில் சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர் இருப்பார். அந்தக் குடும்பத்துக்கு இது படித்துவிட்டுத் தள்ளிவிடும் செய்தியாக இருக்காது. நகையை அடகு வைத்தாவது போய்ப் பார்க்கலாமா என்ற பேச்சு அன்று இரவே தொடங்கிவிடும்.

செய்திக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. ஆராய்ச்சி கண்டது ஒன்று, செய்தி வாக்களிப்பது வேறொன்று. இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள, பார்வை நரம்பு என்பது என்ன என்பதில் இருந்து வர வேண்டும்.

கண்ணிலிருந்து மூளைக்கு

கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதிலுள்ள கோடிக்கணக்கான செல்கள் ஒளியை வாங்கி மின் துடிப்பாக மாற்றுகின்றன. அந்தத் துடிப்புகள் விழித்திரையின் உள் அடுக்கில் இருக்கும் கேங்க்லியன் செல்களுக்கு வந்து சேர்கின்றன. ஒவ்வொரு கேங்க்லியன் செல்லில் இருந்தும் நீளமான ஓர் இழை கிளம்புகிறது. ஒரு கண்ணுக்கு 10 முதல் 12 லட்சம் இழைகள். அவை கண்ணுக்குப் பின்னால் ஒன்றாகத் திரண்டு, சுமார் 5 செ.மீ. நீளத்துக்கு ஒரே கட்டாகப் போகின்றன. அதுதான் பார்வை நரம்பு.

கையில் நரம்பு அறுந்தால், தைத்துவிட்டால், மெதுவாகவேனும் மறுபடி வளர வாய்ப்புண்டு. பார்வை நரம்புக்கு அந்தத் தன்மை கிடையாது. அது மூளையின் நீட்சி. மூளையிலும் தண்டுவடத்திலும் இருப்பது போலவே, அறுந்த இழை தானாக வளர்ந்து பழைய இடத்தைப் போய்ச் சேர்வதில்லை. இழை அறுந்தால் அதன் தாய்ச் செல்லும் பிறகு செத்துவிடுகிறது.

இதனால்தான் உலகில் எங்கும் முழுக் கண்ணை மாற்றிவைத்துப் பார்வை தர முடிந்ததில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒருவருக்கு முகத்தோடு சேர்த்து ஒரு முழுக் கண்ணையும் மாற்றிப் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, ரத்தம் ஓடியது. பார்வை வரவில்லை. நம் ஊரில் கண் தானம் என்று செய்கிறோமே, அதிலும் பார்வைக்காகப் பொருத்துவது முன்புறக் கருவிழியை மட்டும்தான். கருவிழி வெளுத்துப்போனவருக்கு அது வாழ்வு தரும். நரம்பு கெட்டவருக்கு அதனால் பயனில்லை.

ஆனால் பெரும்பாலான பாதிப்புகளில் நரம்பு மொத்தமாக அறுந்துபோவதில்லை. செத்த இழைகள் ஒரு பக்கம், நன்றாக வேலை செய்பவை ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம்: உயிர் இருக்கிறது, ஆனால் துடிப்பு பலவீனமாகவோ தாறுமாறாகவோ போகிறது. மின்தூண்டல் பற்றிய பேச்சு முழுவதும் இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றியதுதான்.

கூர்மை வேறு, புலம் வேறு

டாக்டர் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது பார்வைக் கூர்மையைச் சோதிப்பது. ஊட்டி பஸ் நிலையத்தில் எந்தப் பஸ் எங்கே போகிறது என்று பலகையைப் படிக்க இது தேவை. நேராக ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே, கீழே, பக்கவாட்டில் எவ்வளவு இடம் கண்ணுக்குத் தட்டுப்படுகிறது என்பது பார்வைப் புலம்.

பார்வை நரம்பு கெடும்போது பலருக்கு முதலில் போவது புலம். பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள், பக்கத்தில் வரும் ஆளை இடித்துவிடுவார்கள். தேயிலைத் தோட்டச் சரிவில் கொழுந்து பறிக்கும் ஒருவருக்குக் கீழ்ப்பாதிப் புலம் போனால், கையில் இருக்கும் கொழுந்து தெரியும், காலடியில் இருக்கும் கல் தெரியாது. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு ஓரப் பார்வை போனால், எதிரே வருவது வளைவுக்குள் வந்த பிறகே தெரியும். கண்ணாடி போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

புலத்தை அளக்க ஒரு கருவி உண்டு. கிண்ணம் போன்ற வெள்ளைத் திரைக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அங்கங்கே மங்கலாக ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மருத்துவமனைகளில் இதை 'பீல்டு டெஸ்ட்' என்றே சொல்கிறார்கள். மின்தூண்டல் பலன் தந்ததா என்பதை முக்கியமாக இந்தச் சோதனையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் இந்தச் சோதனையின் பலவீனத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது நோயாளி பொத்தானை அழுத்துவதை நம்பியது. முதல் தடவை பதற்றத்தில் சரியாகச் செய்யாதவர், இரண்டாம் மூன்றாம் தடவை பழகியதாலேயே நன்றாகச் செய்வார். நரம்பில் எந்த மாற்றமும் இல்லாமலே மதிப்பெண் கூடிவிடும்.

நரம்பு எப்படிக் கெடுகிறது

எல்லாக் காரணங்களையும் ஒன்றாகக் கட்டி "நரம்பு போச்சு" என்று சொல்வதால் வரும் குழப்பம் பெரிது. காரணம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு திரும்பும் என்பதும்.

1. க்ளாக்கோமா. கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் நரம்பின் வேரை மெல்ல மெல்ல நசுக்குகிறது. அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் பொதுவாகச் சரி என்பார்கள், ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது. பீல்டு டெஸ்ட்டில் முதல் ஓட்டை தெரிவதற்குள் கேங்க்லியன் செல்களில் கால் பங்குக்கு மேல் போயிருக்கலாம். இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கண் சிவந்தால், அரித்தால், மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே வாங்கி ஊற்றும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருந்தால், மாதக்கணக்கில் ஊற்றும்போது அதுவே கண் அழுத்தத்தை ஏற்றி நரம்பைக் கெடுக்கும். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு இது.

2. நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடுவது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள நடுவயதினருக்கு, காலையில் எழும்போது ஒரு கண்ணில் மேல்பாதியோ கீழ்ப்பாதியோ இருட்டாக இருக்கும். கண்ணுக்கு வந்த பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. நரம்பு அழற்சி. இளம் வயதினருக்கு அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். கண்ணை அசைத்தால் வலிக்கும், சில நாளில் பார்வை மங்கும். பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பகுதி தானாகவே திரும்பிவிடுகிறது. அமெரிக்காவில் 1988-ல் தொடங்கி 1992-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஸ்டீராய்டு குணமாவதை வேகப்படுத்துகிறது, ஆனால் கடைசியில் வந்து நிற்கும் பார்வை பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. சாதாரண அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்ப வருவது கூடியது.

4. மருந்தும் விஷமும். காசநோய்க்குத் தரும் எதாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து கூடுதல். சிவப்பும் பச்சையும் மங்கிப்போவது முதல் அடையாளமாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லி அந்த ஒரு மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் பார்வை மீள்கிறது. பயந்துபோய் மொத்தக் காசநோய் மருந்தையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் இன்னொன்று. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, ஆற்றல் அதிகம் கேட்கும் பார்வை நரம்பை முதலில் தாக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பிழைத்தவர்களில் சிலர் கண்ணை இழந்தார்கள்.

5. அடி. மலைப்பாதையில் பைக் விபத்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் இருந்து விழுவது, காட்டெருமை முட்டித் தள்ளுவது. புருவத்தில் பட்ட அடி எலும்பு வழியாகப் போய் நரம்பை நசுக்கும். கண்ணில் ஒரு கீறல்கூட இருக்காது.

மூளைக்கட்டி நரம்பை அழுத்துவது, பி12 போன்ற சத்துக் குறைவு, பரம்பரை நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. இவற்றில் சிலவற்றைச் சீக்கிரமே கண்டுபிடித்தால் சரிசெய்ய முடியும் என்பதால்தான், காரணம் தெரியாமல் எந்தத் தூண்டலுக்கும் போகக் கூடாது என்கிறேன்.

மின்தூண்டல் என்றால் என்ன செய்கிறார்கள்

1755-லேயே பிரான்சில் சார்லஸ் லெராய் என்ற மருத்துவர், பார்வையிழந்த ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சினார். அவருக்கு ஒளிக்கீற்றுகள் தெரிந்தன, பார்வை வரவில்லை. வெளியே வெளிச்சமே இல்லாமல் மின்சாரத்தால் மட்டும் தோன்றும் அந்த மினுக்கலை இன்றைய மருத்துவர்கள் 'பாஸ்பீன்' என்கிறார்கள். மின்சாரம் விழித்திரையையோ நரம்பையோ தொட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பார்வை திரும்புகிறது என்பதற்கு அடையாளம் இல்லை. தூண்டலின்போது "வெளிச்சம் தெரியுது" என்று நோயாளி சொன்னதும் குடும்பமே கண்ணீர் விடும். அந்த நேரத்தில் இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்று கத்தி படாமல் செய்யும் தூண்டல் முக்கியமாக மூன்று வகை.

1. கண்ணைச் சுற்றியுள்ள தோலில் மின்முனைகளை ஒட்டி, திசை மாறி மாறிப் பாயும் மெல்லிய மின்னோட்டத்தைத் தருவது. மில்லிஆம்பியர் அளவில்தான் மின்சாரம். பார்வை நரம்புப் பாதிப்புக்கு அதிகம் சோதிக்கப்பட்டது இதுதான்.

2. கருவிழியின் மேல் மெல்லிய நூல் போன்ற மின்முனையைத் தொடவைத்துத் தருவது. வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. முக்கியமாக மாலைக்கண்ணில் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோய்க்கு.

3. பின்மண்டையில், மூளையின் பார்வைப் பகுதிக்கு மேலே மின்முனை வைப்பது. பக்கவாதத்தால் பாதிப் புலம் போனவர்களுக்குக் கண் பயிற்சியோடு சேர்த்துத் தருகிறார்கள்.

செய்திகளில் வரும் 'பயோனிக் கண்', மூளையில் பதிக்கும் சிப் ஆகியவை இந்த வரிசையில் சேராதவை. அவற்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். விழித்திரைக்குள் பதிக்கும் கருவிகள் ஒளியுணரும் செல்கள் செத்தவர்களுக்கானவை, அவை வேலை செய்யப் பார்வை நரம்பு நன்றாக இருந்தாக வேண்டும். க்ளாக்கோமாவால் நரம்பு போனவர் அந்தச் செய்தியைப் படித்து ஆசைப்படுவதில் பயனில்லை.

மின்சாரம் உள்ளே என்ன செய்கிறது

இதுவரை இரண்டு விளக்கங்களுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது.

முதலாவது, சாகப்போகும் செல்லைக் காப்பது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் மோரிமோட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் எலிகளின் பார்வை நரம்பை வெட்டி, கருவிழி வழியாகத் தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். தூண்டல் பெற்ற எலிகளில் அதிக கேங்க்லியன் செல்கள் பிழைத்திருந்தன. விழித்திரையில் செல்களைப் போஷிக்கும் ஒரு வளர்ச்சிப் பொருள் கூடியிருந்தது. 2005-ல் வெளியான வேலை இது. கவனிக்க வேண்டியது: எலிகளுக்குத் தூண்டல் கொடுத்தது வெட்டிய கையோடு. நம் ஆட்கள் இந்தச் சிகிச்சையைத் தேடிப் போவது பாதிப்பு வந்து பல ஆண்டுகள் கழித்து.

இரண்டாவது, மிச்சம் இருப்பதை ஒழுங்குபடுத்துவது. ஜெர்மனியின் மாக்டபர்க் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் சாபெல் குழுவினர் முன்வைப்பது இது. குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பி விடுகிறார்கள். ஒழுங்குபடுத்த ஆள் இல்லாவிட்டால் அந்தப் பாதையும் அடைத்துக்கொள்ளும், ஆள் நின்றால் அதே பாதையில் அதிக வண்டிகள் போகும். சரிந்த சாலை மட்டும் சரிந்தபடியே இருக்கும். சாபெல் குழுவின் கருத்துப்படி, நரம்பு பாதிக்கப்பட்டால் மூளையின் பார்வைப் பகுதிகளுக்குள் இருக்கும் மின் அலை ஒழுங்கும் குலைகிறது. தாளம் தவறாத மின்தூண்டல் அந்த ஒழுங்கை மறுபடி ஏற்படுத்துவதால், பிழைத்திருக்கும் இழைகள் கொண்டுவரும் கொஞ்சம் தகவலை மூளை முன்பைவிட நன்றாகப் பயன்படுத்துகிறது. தூண்டலுக்குப் பிறகு மூளை அலைப் பதிவில் மாற்றம் தெரிவதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இரண்டில் எதுவும் செத்த இழையை வளர்ப்பதில்லை. மனிதர்களில் அதைச் செய்துகாட்டிய மின்தூண்டல் எதுவும் கிடையாது. அப்படியானால் ஒளியே தெரியாத கண்ணுக்கு இந்தச் சிகிச்சையில் எதிர்பார்க்க அநேகமாக ஒன்றுமில்லை. திரட்டுவதற்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

2016 ஆய்வு கண்டது

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, ஜெர்மனியில் பல மையங்களில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு. 82 நோயாளிகள். குலுக்கல் முறையில் 45 பேருக்கு உண்மையான தூண்டல், 37 பேருக்குப் போலித் தூண்டல். போலி என்றால் அதே கருவி, அதே மின்முனை, அதே நேரம், ஆனால் பலன் தரக்கூடிய மின்னோட்டம் இருக்காது. ஒரு நாளைக்கு 50 நிமிடம் வரை, 10 வேலை நாட்கள்.

முடிவு: உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்குப் பார்வைப் புலம் தொடக்க நிலையைவிடச் சராசரியாக 24 விழுக்காடு கூடியது. போலி பெற்றவர்களுக்கு 2.5 விழுக்காடு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது.

"24 விழுக்காடு பார்வை திரும்பியது" என்று இதைத் தலைப்பாக்கினால் அது தவறு. கணக்கைப் பாருங்கள். 100 வெளிச்சப் புள்ளிகளில் 50-ஐப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு 24 விழுக்காடு கூடினால், அவர் இப்போது 62-ஐப் பார்க்கிறார். இழந்த 50-ல் 12 திரும்பியிருக்கிறது. 10 புள்ளிகளை மட்டும் பார்த்தவருக்கு அதே 24 விழுக்காடு என்றால், 12 அல்லது 13 புள்ளிகள், அவ்வளவுதான். மேலும் இது சராசரி. எல்லோருக்கும் அதே அளவு கூடியது என்று பொருளில்லை.

செய்திகள் விட்டுவிடும் இன்னொரு வரி அதே ஆய்வில் இருக்கிறது. பார்வைக் கூர்மையில் உண்மைத் தூண்டலுக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை. அதாவது, பஸ் பலகை படிக்க முடியாதவர் படிக்கத் தொடங்கினார் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இந்த வரியை விட்டுவிட்டு எழுதுவது, படிக்கிற குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

இதற்கு முன் 2011-ல் வெளியான ரஷ்ய ஆய்வில் 446 நோயாளிகள் இருந்தார்கள், பலருக்குப் புலம் கூடியதாகத் தெரிந்தது. ஆனால் அதில் போலித் தூண்டல் குழு கிடையாது. எண்ணிக்கை பெரிது என்பதற்காக அதை 2016 ஆய்வுக்கு மேலே வைக்க முடியாது. ஏன் என்பதற்குக் கண் மருத்துவத்தின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் என்ன ஆகும்

மேலே இரண்டாவது காரணமாகச் சொன்ன, ரத்த ஓட்டம் தடைபட்டு நரம்பு கெடும் நோய்க்கு 1980-களின் கடைசியில் ஓர் அறுவை சிகிச்சை பரவியது. நரம்பைச் சுற்றியுள்ள உறையில் ஒரு சன்னலை வெட்டி அழுத்தத்தைக் குறைப்பது. செய்துகொண்ட பலருக்குப் பார்வை கூடியது. டாக்டர்கள் நேர்மையாகவே நம்பினார்கள், நோயாளிகள் கைகூப்பினார்கள்.

பிறகு அமெரிக்காவில் முறையான ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, மீதிப் பேரை ஒன்றும் செய்யாமல் கவனமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 1995-ல் வந்தது. ஆறு மாதத்தில் எழுத்துப் பலகையில் மூன்று வரியோ அதற்கு மேலோ முன்னேறியவர்கள், அறுவை சிகிச்சைக் குழுவில் 32.6 விழுக்காடு. ஒன்றுமே செய்யாத குழுவில் 42.7 விழுக்காடு. மூன்று வரியோ அதற்கு மேலோ கெட்டுப்போனவர்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள். அந்த நோய்க்கு அந்த அறுவை சிகிச்சையும் நின்றது.

ஒன்றும் செய்யாமலே ஒருவருக்குப் பார்வை கூடியதாகத் தெரிவது எப்படி?

1. நரம்பில் இருந்த வீக்கம் வடிந்து, மயங்கிக் கிடந்த இழைகள் தாமாகவே விழித்திருக்கும்.
2. நடுவில் இருட்டு இருப்பவர், கண்ணைக் கொஞ்சம் திருப்பி ஓரத்தால் பார்க்கக் கற்றிருப்பார்.
3. பீல்டு டெஸ்ட் பழகியிருக்கும்.
4. மிக மோசமாக இருந்த நாளில்தான் டாக்டரிடம் வந்திருப்பார், அடுத்த தடவை எப்படியும் கொஞ்சம் மேலாக இருக்கும்.

"எங்களிடம் வந்த நூறு பேரில் எழுபது பேருக்குப் பலன்" என்று யாராவது சொன்னால், இந்த நான்கையும் கழித்த பிறகு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கழிக்கத் தெரிந்த ஒரே வழி போலித் தூண்டல் குழு. மின்தூண்டலில் அதையும் சரியாகச் செய்வது கடினம். உண்மை மின்சாரம் பாயும்போது கண்ணில் மினுக்கல் தெரிவதால், தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளி ஊகித்துவிட முடியும். இந்தச் சிகிச்சையின் மேல் நம்பிக்கை வைக்க, வேறு வேறு நாடுகளில், வேறு வேறு குழுக்கள், ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனியாக, இன்னும் பெரிய ஆய்வுகளை நடத்திக் காட்ட வேண்டும். இன்றைய நிலையில் மின்தூண்டல் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி, வழக்கமான சிகிச்சை என்ற இடத்துக்கு அது வரவில்லை.

மலையில் இருந்து போகிறவரின் கணக்கு

பத்து வேலை நாள் என்பது கேட்கச் சுலபம். கோத்தகிரியில் இருந்து கோவைக்கு மலை இறங்கி ஏற ஒரு நாள் போய்விடும். அதனால் இரண்டு வாரம் கீழே அறை எடுத்துத் தங்க வேண்டும். பார்வை குறைந்தவர் தனியாகப் போக முடியாது, கூட ஒருவர். தோட்ட வேலையிலோ கேரட் அறுவடையிலோ தினக்கூலி வாங்கும் வீட்டில் இரண்டு பேர் கூலி இரண்டு வாரத்துக்கு நிற்கும். சிகிச்சைக் கட்டணம் இதற்கு மேலே. பந்தலூர்ப் பக்கம் இருந்து கேரளாவுக்குப் போனாலும் கணக்கு இதேதான்.

இதே பணமும் நேரமும் வேறு எங்கே போகலாம் என்று பாருங்கள். க்ளாக்கோமா உள்ளவருக்கு அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து, மீதி இருக்கும் நரம்பைக் காப்பாற்றும் என்பதில் சந்தேகமே இல்லை. அதைச் சோதித்த ஆய்வுகள் பெரியவை, பல. ஆனால் சொட்டு மருந்து ஊற்றி யாருக்கும் பார்வை கூடியதாகத் தெரியாது என்பதால், மருந்து தீர்ந்ததும் மறுபடி வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். (வீசிங் உள்ளவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். டிமோலால் என்ற சொட்டு மருந்து மூச்சிழுப்பைக் கிளப்பிவிடும், மாற்று மருந்து இருக்கிறது.) தூண்டலுக்குப் போகும் ஆசையில் சொட்டு மருந்தை நிறுத்தினால், திரட்ட வேண்டிய மிச்சமும் போய்விடும்.

புதிதாகப் பார்வை மங்கியவர்களுக்கு நேரம் இன்னும் முக்கியம். ஒவ்வொரு கண்ணாக மூடி ஒரு சிவப்பு மூடியைப் பாருங்கள். ஒரு கண்ணில் அது வெளிறித் தெரிந்தால், அந்தக் கண்ணின் நரம்பில் கோளாறு இருக்கலாம். அன்றே உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள கண் டாக்டரிடமோ போக வேண்டும். மின்தூண்டலைப் பற்றி யோசிக்க அது நேரமில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: கூர்மை நன்றாக இருந்தும் புலம் சுருங்கியவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது பார்வையின்மை, 40 டிகிரிக்குக் கீழே என்றால் குறைபார்வை. எழுத்துப் பலகையை மட்டும் வைத்து "உங்களுக்குக் கண் நல்லா இருக்கே" என்று திருப்பி அனுப்பினால், பீல்டு டெஸ்ட் அறிக்கையைக் காட்டி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குறைபார்வைப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைகளில், பார்வையைத் திட்டமிட்டு நகர்த்தி இழந்த பக்கத்தைத் தேடும் பயிற்சியும், கைத்தடியோடு நடக்கும் பயிற்சியும் தருகிறார்கள். சரிவில் விழாமல் நடக்க இது உடனே உதவும்.

போவதென்று முடிவு செய்தவர்களுக்கு

எல்லாம் தெரிந்த பிறகும் முயன்று பார்க்கலாம் என்று ஒருவர் நினைத்தால் அது அவர் உரிமை, அதில் தவறும் இல்லை. தோலின் மேல் தரும் மெல்லிய தூண்டலால் பெரிய தீங்கு வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. தலைவலி, தோல் எரிச்சல் போன்றவை வரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர், தலைக்குள் உலோகம், வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். உடல் வலிக்கு விற்கும் மின்கருவியை வீட்டில் கண்ணருகே வைத்துப் பார்ப்பது ஆபத்து.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை:

1. என் நரம்புப் பாதிப்புக்குக் காரணம் என்ன, அது இப்போது நின்றுவிட்டதா?
2. என் கண்ணில் மிச்சம் எவ்வளவு? பீல்டு டெஸ்ட்டும், நரம்பு இழை அடுக்கின் தடிப்பை அளக்கும் ஓசிடி ஸ்கேனும் என்ன சொல்கின்றன?
3. என் நோய்க்கு, போலிக் குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு எது?
4. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும். 2009-லிருந்து இப்படிப் பதிவது கட்டாயம், இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆராய்ச்சியில் சேர்பவரிடம் அந்த ஆராய்ச்சிச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை.

அப்புறம், தூண்டல் தொடங்கும் முன்பே இரண்டு தடவையாவது பீல்டு டெஸ்ட் செய்து, இரண்டாவதைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பழகியதால் கூடும் மதிப்பெண் அதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். முடிந்ததும் ஒன்று, இரண்டு மாதம் கழித்து ஒன்று, முடிந்தால் தூண்டல் கொடுத்த இடத்தில் இல்லாமல் வேறு மருத்துவமனையில். அறிக்கைகளின் நகல் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும்.